திருகோணமலையில் ஓர் உணவு வங்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் திருகோணமலை நகரத்தில் ஒரு சிறிய உணவு வங்கியை நடத்தும் தொண்டர்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒரு வாசிகசாலை மண்டபத்தில் உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம். பொதி எடுக்க வருபவர்கள், பொருள் கொடுக்க வருபவர்கள், வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் என்று எல்லோரும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

உணவு வங்கி என்றால் என்ன? கடன் கொடுப்பீர்களா?

கடன் இல்லை, வட்டி இல்லை, திருப்பித் தர வேண்டியதும் இல்லை. இருப்பவர்களிடமும் கடைகளிடமும் உணவுப் பொருளைச் சேர்த்து, தட்டுப்பாட்டில் இருக்கும் வீடுகளுக்குக் கொடுக்கிறோம். அவ்வளவுதான். இந்த ஏற்பாடு 1967ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது. பெயர் நமக்குப் புதிது. விஷயம் புதிதல்ல.

நம்மூர்ப் பெரியவர்களுக்குக் கூப்பன் காலம் நினைவிருக்கும். புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சங்கக்கடையில் அரிசி எடுத்த காலம் அது. அந்தப் பங்கீட்டு அரிசியின் விலையை 1953ல் 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது ஹர்த்தால் வெடித்தது. 1979ல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. பிறகு சமுர்த்தி உதவித் திட்டம் வந்தது. 2023 ஜூலையிலிருந்து வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும நடக்கிறது. இவையெல்லாம் அரசாங்கம் மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. எங்கள் பொதி அதற்கு ஈடாகாது. மாதக் கடைசியில் அரிசிப் பானை காலியாகும் அந்த நாலைந்து நாளைக் கடக்க உதவும்.

2022 பொருளாதார நெருக்கடிதான் முடிந்துவிட்டதே. இப்போதும் இங்கே பசி இருக்கிறதா?

இருக்கிறது. எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 195 ரூபாவானது. அதன் பிறகு பணவீக்கம் இறங்கியது உண்மை. பணவீக்கம் இறங்கினால் விலை இறங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறிய விலைகள் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன. நாட்கூலி அந்த உயரத்துக்கு ஏறவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை கிலோ 230 ரூபா. நான்கு பேர் உள்ள ஒரு வீட்டில் நாளைக்கு ஒரு கிலோ அரிசி என்று குறைத்தே வைத்தாலும் மாதத்துக்கு 6,900 ரூபா. அஸ்வெசுமவில் வறிய குடும்பம் என்று பதிவான நான்கு பேர் வீட்டுக்கு 2025 ஜனவரியிலிருந்து மாதம் 10,000 ரூபா கிடைக்கிறது. மிக வறிய குடும்பமென்றால் 17,500. பத்தாயிரத்தில் அரிசி போக மிஞ்சுவது 3,100. ஒரு நாளைக்கு நூறு ரூபா சொச்சம். கறி, தேங்காய், சீனி, தேயிலை, விறகு, கரண்ட் பில், பிள்ளையின் கொப்பி, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் காசு எல்லாம் அந்த நூறு ரூபாவுக்குள் அடங்க வேண்டும்.

திருகோணமலைக்கென்று சில கஷ்டங்களும் உண்டு. திருக்கடலூர், சல்லி மாதிரி மீனவர் குடியிருப்புகளில் மாரி தொடங்கிக் கடல் கொந்தளித்தால் தொழில் படுத்துவிடும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, சின்ன வள்ளக்காரர்கள் பலர் கடலுக்குப் போனாலும் நட்டம், போகாவிட்டாலும் நட்டம் என்று கரையில் உட்கார்ந்தார்கள். அப்போது வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்களுக்குத் தெரியும். வயல் பக்கத்தில், 2021ல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியதில் விழுந்த விளைச்சல் விவசாயியை மட்டும் அடிக்கவில்லை. அருவி வெட்டவும் களை பிடுங்கவும் போகும் கூலிப் பெண்களின் நாட்களையும் சேர்த்தே தின்றது.

உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் 2022ல் செய்த மதிப்பீட்டில், போதிய உணவு கிடைக்காத நிலையில் நாடு முழுவதும் சுமார் 63 இலட்சம் பேர் இருந்தார்கள். 2023 மே மாத மதிப்பீட்டில் அது 39 இலட்சமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 39 இலட்சத்தில் யார் மிஞ்சியிருப்பார்கள் என்று யோசியுங்கள். கையில் தொழில் இருந்தவர்கள், வெளிநாட்டில் பிள்ளை இருந்தவர்கள் மெல்ல எழும்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் எழும்பப் பிடிமானம் இல்லாதவர்கள். எங்கள் வரிசையில் நிற்பவர்களும் அவர்கள்தான்.

யார் வரலாம்?

வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்றால் வரலாம். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று நாங்கள் பார்ப்பதில்லை. இந்த மாவட்டத்தில் அப்படிப் பார்த்துக் கொடுத்ததால் வந்த மனக்கசப்பு போதும். அஸ்வெசும எடுப்பவர்களும் வரலாம், கிடைக்காதவர்களும் வரலாம். சொந்த வீடு இருக்கிறது, கூரைக்கு ஓடு போட்டிருக்கிறது என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கட்டிக் கொடுத்த கல்வீட்டுக்குள்ளேயும் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு.

ஜீஎஸ் (கிராம சேவகர்) கடிதம் கொண்டு வர வேண்டுமா?

வேண்டாம். அடையாள அட்டையும் வேண்டாம். பெயர், வீட்டில் எத்தனை பேர், அதில் சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், கர்ப்பிணித் தாய்மார் எத்தனை பேர் என்று மட்டும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வோம். அந்தக் கொப்பியை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை.

பொய் சொல்லிப் பொதி எடுப்பவர்கள் இருப்பார்களே? உண்மையில் கஷ்டப்படுகிறவர்கள் யார் என்று எப்படித் தெரியும்?

இருக்கலாம். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து ஐந்து கிலோ அரிசிக்காகப் பொய் சொல்கிறவரும் ஏதோ ஒரு தேவையோடுதான் வருகிறார் என்றே எடுத்துக்கொள்கிறோம். எங்களுக்கு உண்மையான கவலை மறுபக்கத்தில் இருக்கிறது. கஷ்டம் இருந்தும் வாய் திறக்காதவர்கள்தான் கூடுதல்.

உணவு நெருக்கடியை அளக்க உலகம் முழுதும் பயன்படுத்தும் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் விருப்பமில்லாத மலிவான சாப்பாட்டைச் சாப்பிட்டீர்கள்? எத்தனை நாள் கடன் வாங்கியோ அயலவர் உதவியோடோ சாப்பிட்டீர்கள்? எத்தனை நாள் அளவைக் குறைத்தீர்கள்? எத்தனை நாள் பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று பெரியவர்கள் குறைத்துக்கொண்டீர்கள்? எத்தனை நாள் ஒரு வேளையை விட்டீர்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி உண்டு. மலிவுச் சாப்பாட்டுக்கு 1, கடனுக்கு 2. பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்துக்கொள்வதற்கு 3. ஐந்திலும் கூடிய புள்ளி அதற்குத்தான்.

அன்புவழிபுரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். மூன்று பிள்ளைகள் பாயில் இருந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாய் எங்களுக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்தார். சீனியைத் தனியாக உள்ளங்கையில் வைத்துக் கடித்துக் குடிக்கச் சொல்லித் தந்தார். கரைத்தால் கூடச் செலவாகும் அல்லவா. "நீங்கள் சாப்பிடவில்லையா அக்கா?" என்றோம். "நான் அப்பவே சாப்பிட்டுட்டன் தம்பி" என்றார். கடைசிப் பிள்ளை, நாலு வயதிருக்கும், நிமிர்ந்து பார்த்து, "அம்மா இண்டைக்கும் சாப்பிடேல்ல" என்றது. அவர் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டார். ரொட்டி சுட்ட தாச்சியில் மா ஒட்டியிருந்தது. மாப்பேணி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த அக்கா எங்கள் வரிசைக்கு வந்ததே இல்லை. அயல்வீட்டு மாமி சொல்லித்தான் போனோம். ஆகவே உங்கள் ஒழுங்கையில் "அப்பவே சாப்பிட்டுட்டன்" என்று அடிக்கடி சொல்லும் ஒருவர் இருந்தால், அவருக்குத் தெரியாமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள். நாங்கள் பொழுதுபட்ட பிறகு, சத்தமில்லாமல் கொண்டுபோய்க் கொடுப்போம்.

பொதியில் என்ன இருக்கும்?

அரிசி 5 கிலோ, பருப்பு, கடலை அல்லது பயறு, சீனி, தேயிலை, தேங்காய் எண்ணெய், அயடீன் உப்பு, சோயா மீற், ஒரு டின்மீன் அல்லது நெத்தலிக் கருவாடு. தேங்காய் கிடைக்கும் மாதத்தில் இரண்டு தேங்காய்.

முதலில் நாங்களும் அரிசி, மா, சீனி என்றுதான் கட்டினோம். வயிறு நிறையும், ஆனால் உடம்பில் ஒட்டாது. இங்கே பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோறு ஏதோ கிடைக்கிறது, சோற்றோடு சேர வேண்டியது கிடைப்பதில்லை. சோற்றைத் தேங்காய்ச் சம்பலோடோ வெறும் சொதியோடோ முடித்துக்கொள்கிறார்கள். அதனால் மாவைக் குறைத்துப் பருப்பையும் கடலையையும் கூட்டினோம். சீனன்குடாவில் நாட்டின் பெரிய கோதுமை மா ஆலை 1980லிருந்து ஓடுகிறது. மா இங்கேயே அரைபட்டும் பாண் விலை எங்கள் மக்களுக்கு எட்டாமல் போன நாட்களைப் பார்த்துவிட்டோம். விளையும் ஊர், அரைக்கும் ஊர் என்பதால் மட்டும் வயிறு நிறைவதில்லை. வாங்கக் கையில் காசு வேண்டும். உணவுப் பாதுகாப்பின்மை என்று அறிக்கைகளில் வரும் சொல்லுக்கு எங்கள் ஊரில் பெரும்பாலும் இதுதான் பொருள்.

கைக்குழந்தைகளுக்கான பால்மாவைப் பொதியில் வைப்பதில்லை. தாய்ப்பாலுக்குப் பதிலாக அதைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கி, மாவு தீர்ந்ததும் தண்ணீரைக் கூட்டுவார்கள் என்ற பயம்தான் காரணம். தாய்க்குச் சாப்பாடு போனால் பிள்ளைக்குப் பால் வரும்.

பிள்ளை நிறை குறைவு என்று கிளினிக்கில் சொன்னார்கள். கூடுதலாக ஏதாவது தருவீர்களா?

பயறும் கடலையும் கூட வைத்துத் தருவோம். அதற்கு மேல், கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகக் கிளினிக்குகளில் திரிபோஷா என்ற சத்துமா இலவசமாகக் கிடைக்கிறது. 1970களிலிருந்து நடந்துவரும் திட்டம் அது. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கத்தின் போஷாக்குக் கொடுப்பனவும் உண்டு. மருத்துவிச்சியிடம் பதிந்தால்தான் அது வரும்.

ஒரு விஷயத்தை உரிமையோடு சொல்கிறோம். ஒரு பிள்ளைக்கென்று கொடுத்த திரிபோஷாவை வீட்டில் நாலு பிள்ளைக்கும் உருண்டை பிடித்துப் பங்கு வைத்தால் யாருக்கும் பலன் இல்லை. மற்றப் பிள்ளைகள் ஏக்கத்தோடு பார்க்கும்போது எந்தத் தாயால் பங்கு வைக்காமல் இருக்க முடியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் மற்றவர்களுக்கான பயறை எங்களிடம் வந்து கேளுங்கள் என்கிறோம்.

முருங்கையிலை, பொன்னாங்காணி, பசளி வேலியோரத்திலேயே கிடைக்கும். கொஞ்சம் பருப்போடு சேர்த்து வறையாகவோ சுண்டலாகவோ கொடுங்கள். சூடை மீன் மலிந்த நாளில் அதைவிட நல்ல சாப்பாடு வேறில்லை.

அஸ்வெசும கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யலாம். பெயர்ப்பட்டியல் வெளியிடும்போது அதற்குக் காலம் கொடுப்பார்கள். அந்தத் திகதியைத் தவற விடாதீர்கள். படிவத்தை நிரப்ப எங்களில் இரண்டு பேர் உதவுகிறார்கள், பொதி கொடுக்கும் சனிக்கிழமையில் வாருங்கள். இத்திட்டத்தில் கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து என்று 22 சுட்டிகளை வைத்து ஒரு குடும்பத்தை அளக்கிறார்கள். கணவன் போன பிறகும் அவர் பெயரில் பழைய மோட்டார் சைக்கிள் பதிவில் கிடப்பது, வெளியூரில் வேலை செய்யும் மகனை வீட்டு ஆளாகச் சேர்த்தது மாதிரிச் சின்ன விஷயங்களில் கணக்கு மாறிப்போகலாம். உண்மை நிலையைத் தெளிவாக எழுதி, அதற்கான கடதாசிகளை இணைத்துக் கொடுங்கள். அது உங்கள் உரிமை. கூச்சப்பட ஒன்றுமில்லை.

பொதியை விற்றுக் கடன் கட்டுகிறார்களாமே?

சில நேரம் நடக்கிறது. மறைக்கப் போவதில்லை. போரில் கணவனை இழந்த பெண்கள், விட்டுப் போகப்பட்ட பெண்கள் நுண்கடன் எடுத்திருக்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறை வசூலிக்க ஆள் வாசலுக்கு வந்துவிடும். பத்துப் பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுத்த கடன் என்றால், ஒருவர் கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் முகம் கொடுக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் டின்மீனைப் பெட்டிக்கடையில் கொடுத்துக் காசாக்கும் தாயை நாங்கள் எப்படிக் குறை சொல்வது? கடன்காரனை அனுப்பிவிட்டு, மிஞ்சிய அரிசியில் கஞ்சி வைப்பார். தெரிந்துகொண்ட பிறகு நாங்கள் செய்த மாற்றம் ஒன்றுதான். அப்படியான வீடுகளுக்குப் பொதியை இரண்டாகப் பிரித்து, இரண்டு தடவையாகக் கொடுக்கிறோம்.

சும்மா கொடுத்தால் சோம்பேறிகளாகிவிடுவார்கள் அல்லவா?

இல்லை. பொதி எடுக்க வரும் பெண்களில் பலர் விடியற்காலையில் எழுந்து வீட்டு வேலைக்கும், கருவாடு காயப்போடவும், இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கவும் போகிறவர்கள். உழைத்தும் பற்றாமல் இருப்பதுதான் இங்கே நடப்பது. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து எங்களோடு அரிசி நிறுத்துக் கட்டுங்கள். வருகிறவர்களின் கைகளைப் பாருங்கள்.

பொதி கொடுக்கும்போது ஏன் படம் எடுக்க விடுவதில்லை?

சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்போடு சேர்ந்து பொதி கொடுத்தோம். பதாகை வந்து சேரவில்லை என்று பெண்களையும் முதியவர்களையும் பதினொரு மணி வெயிலில் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பதாகை வந்தது. ஒவ்வொருவராகப் பொதியைப் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு ஐயா, ஓய்வுபெற்ற தபால்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இஞ்சால பாருங்கோ ஐயா" என்று தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். அவர் பொதியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று நாங்கள் பேசாமல் நின்றோம். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு படம் இல்லை. கொடுப்பவர்களுக்குக் கணக்கு வேண்டும் என்றால் கொப்பியும் பற்றுச்சீட்டும் காட்டுவோம். பொருட்களின் படம், கட்டி அடுக்கிய பொதிகளின் படம் அனுப்புவோம். முகங்கள் கிடையாது.

கல்யாண வீட்டில், கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சாப்பாட்டை எடுப்பீர்களா?

முன்கூட்டியே சொன்னால் எடுப்போம். சமைத்த சாப்பாட்டைச் சாதாரண சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. திருகோணமலை வெயிலுக்கு அதுவே கூட. பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு, நாலு மணிக்குக் கூப்பிட்டு "அண்டாவில் கிடக்கு, வந்து அள்ளுங்கோ" என்றால் வரமாட்டோம். உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் சோற்றை இன்னொருவர் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. சமைக்காமல் மிஞ்சிய அரிசி, மரக்கறி, தேங்காய் இருந்தால் எந்த நேரமும் கூப்பிடலாம்.

காலாவதித் திகதி நெருங்கிய பொருட்களைக் கடையிலிருந்து தரலாமா?

ஒரு மாதமாவது மிச்சம் இருந்தால் தாருங்கள். திகதி முடிந்தது, டின் வீங்கியது, வண்டு விழுந்த மா எதுவும் வேண்டாம்.

பொருளாகத் தருவது நல்லதா, காசாகவா?

காசு. மொத்தக் கடையில் மூட்டையாக எடுத்தால் அதே காசுக்குக் கூடச் சாமான் வரும், இல்லாததைப் பார்த்து வாங்கவும் முடியும். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் பிறந்தநாள், திவசம் என்று ஒரே மாதத்தில் அனுப்பிவிட்டு, மற்ற மாதங்களில் மறந்துவிடுகிறார்கள். தை பிறந்ததும் அரிசி நிறைகிறது. நோன்பு மாதத்திலும் நன்றாகக் கிடைக்கிறது. கார்த்திகை, மார்கழியில், மழையும் வெள்ளமும் வந்து கடற்றொழிலும் கூலி வேலையும் நின்றுபோகும் நேரத்தில் மண்டபம் காலியாக இருக்கிறது. அனுப்புவதென்றால் ஐப்பசியில் அனுப்புங்கள்.

மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கத்துக்கும் வருவீர்களா?

ஒழுங்காக வர முடிவதில்லை. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், எங்களிடம் இருப்பது ஓர் ஆட்டோவும் இரவல் லொறியும். 2009ல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மூதூருக்குப் போவது எளிதாகிவிட்டது, ஆனால் டீசல் காசு பொதிக் காசைத் தின்றுவிடுகிறது. 2006ல் போரில் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருடக்கணக்காக நிவாரணத்தில் வாழ்ந்துவிட்டு, 2015க்குப் பிறகே திரும்பிப் போன சம்பூர் மக்களிடம் போனால், "எங்களுக்கு வள்ளமும் வலையும் தந்தால் பொதி வேண்டாம்" என்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி. மகாவலி பெருக்கெடுத்து மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் ஏறும் நாட்களில் மட்டும் கட்டாயம் போகிறோம். மற்ற நாட்களில் அந்தந்த ஊர் இளைஞர்கள் சேர்ந்து இப்படி ஒன்றைத் தொடங்க விரும்பினால், கணக்கு எழுதும் முறை முதல் மொத்தக் கடைப் பேச்சு வரை சொல்லித் தருவோம். முதல் மாத அரிசியில் பாதியும் தருவோம்.

பொதி எடுக்க வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

வீட்டிலிருந்து ஒரு பை. சந்தைக்குப் போகும் பை என்றால் நல்லது, வழியில் பார்ப்பவர்கள் சந்தைக்குப் போய் வருவதாக நினைத்துக்கொள்வார்கள். எண்ணெய்க்கு மூடி உள்ள ஒரு போத்தல், கழுவிக் காயவைத்தது. காலை எட்டரைக்குக் கதவு திறக்கும். உள்ளே கதிரை போட்டிருக்கிறோம், வெயிலில் நிற்க வேண்டியதில்லை. கைப்பிள்ளைக்காரரும் நடக்க முடியாதவர்களும் பின்பக்கப் படலையால் வாருங்கள், அங்கே படி இல்லை.